அக்காவுக்கு ஒரு விலை

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று என் கணவர் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். சொல்லட்டும். சூடு சுரணை இல்லாத ஒருத்தியால் ஆறு வருடம் ஆக்லாந்துக் கடைகளில் ஏறி இறங்கி விலை எழுதியிருக்க முடியாது.

விலைவாசி இத்தனை வீதம் ஏறியிருக்கிறது என்று செய்தியில் சொல்வார்களே, அந்த எண்ணுக்காகத்தான் நான் நடக்கிறேன். பெரிய சூப்பர்மார்க்கெட்டுகளின் விலைகள் கம்ப்யூட்டர் வழியாகத் தாமாகப் போய்ச் சேர்ந்துவிடும். டெயரி என்கிற தெருமுனைச் சில்லறைக் கடை, சலூன், செருப்புத் தைக்கிற இடம், மீன் பொரிக்கிற கடை, நம்மவர்களின் பலசரக்குக் கடை, இவற்றுக்கெல்லாம் ஆள் போக வேண்டும். கழுத்தில் அட்டை, கையில் டேப்லெட், காலில் மழைக்குத் தாங்குகிற சப்பாத்து. மாதம் ஒருமுறை அதே கடை, அதே சாமான், அதே அளவு. விலை மாறாமல் பொட்டலம் மட்டும் சிறுத்துப் போயிருந்தால் அதையும் பிடிக்க வேண்டும், ஏனென்றால் அதுவும் விலையேற்றம்தான். ஆண்களுக்குத் தலைமயிர் வெட்டுகிற கூலி மவுண்ட் ஆல்பர்ட்டில் எங்கே என்ன என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என் கணவரின் தலையில் வெட்டுவதற்கு அதிகம் இல்லை என்பது வேறு விஷயம்.

எங்கள் ஆட்களுக்கு இந்த வேலை இன்றுவரை விளங்கவில்லை. "அப்ப நீங்கள்தானோ விலையெல்லாம் ஏத்துறது?" என்று ஒரு பிறந்தநாள் வீட்டில் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். நான் ஏற்றவில்லை, ஏறியதை எழுதுகிறேன் என்றேன். எழுதினால் குறையுமா என்றார். குறையாது என்றேன். பிறகு எதற்கு எழுதுகிறீர்கள் என்றார். கையில் இருந்த கேக்கை அவர் முகத்தில் அப்பாமல் வந்ததற்கு எனக்கு யாராவது பதக்கம் தந்திருக்க வேண்டும்.

என் கணவரும் லேசுப்பட்டவர் இல்லை. பஸ் ஓட்டுகிறார். செய்தியில் அந்த எண் வரும்போதெல்லாம் சோற்றில் கை வைத்தபடி, "உம்மட நம்பர் எந்தக் கடையில சாமான் வாங்குது? சொன்னால் நானும் அங்கயே போவன்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "உங்கட யூனியன் சம்பளம் கேட்கப் போகேக்க எந்த நம்பரைத் தூக்கிக்கொண்டு போகுது? நான் நடந்து எழுதினதைத்தானே?" என்று கேட்பேன். அந்த எண் சரியாக இருந்தால்தான் அவருக்குச் சம்பளம் சரியாக ஏறும், ஓய்வூதியக்காரருக்குக் காசு சரியாகக் கூடும். நான் அதை நம்பினேன். இன்றைக்கும் நம்புகிறேன். அந்த நம்பிக்கையில்தான் சறுக்கி விழுந்தேன்.

சான்ட்ரிங்ஹாம் பிரதான வீதியில் ஒரு பலசரக்குக் கடை. உரிமையாளர் தமிழ்நாட்டுக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். படிக்க வந்து, டாக்சி ஓட்டி, பிறகு கடையை வாங்கியவர். வாசலிலேயே வெண்டிக்காய்ப் பெட்டிகள். உள்ளே நுழைந்ததும் ஆள் உயரத்துக்கு அரிசி மூட்டைகள். எனக்கு அங்கே எழுத வேண்டியது ஐந்து சாமான். பருப்புக்கும் மாவுக்கும் எண்ணெய்க்கும் மிளகாய்த்தூளுக்கும் விலை ஒட்டியிருக்கும். பத்துக் கிலோ பொன்னி மூட்டைக்கு மட்டும் எதுவும் ஒட்டியிருக்காது. மூட்டைகள் வாரத்துக்கு வாரம் இடம் மாறும், ஒட்டினால் கிழிந்துவிடும், அதனால் எல்லோரும் கேட்டுத்தான் வாங்குவார்கள். நானும் கேட்டேன்.

"தம்பி, பொன்னி என்ன விலை?"

"இருபத்தெட்டுதான் அக்கா."

"ஏறேல்லையோ?"

"இல்ல அக்கா. அதேதான்."

மாதா மாதம் இதே பேச்சு. அவர் 'ஆமா' என்பார், இலங்கைக்காரியான நான் 'ஓம்' என்பேன். என்னுடைய 'ஓம்' அவருக்குச் சிரிப்பு. கோயிலுக்குள் நிற்கிற மாதிரி இருக்கிறது அக்கா என்பார். விலையை எழுதி, டேப்லெட்டைப் பைக்குள் வைத்து, ஒன்றும் வாங்காமல் வெளியே வந்துவிடுவேன். வேலைக்குப் போன இடத்தில் சாமான் வாங்கக்கூடாது என்பது என் கொள்கை. அலுவலகம் அப்படிச் சொல்லவில்லை, நானே வைத்துக்கொண்ட சட்டம். மூட்டை தேவைப்பட்டால் சனிக்கிழமை என் கணவர் போய்க் காசு கொடுத்து வாங்கி வருவார். அக்காவின் வீட்டுக்காரர் என்று கடைக்காரருக்குத் தெரியும், அவருக்கும் இருபத்தெட்டுத்தான். கூடவே ஒரு பிடி கறிவேப்பிலை சும்மா வரும். இந்த ஊரில் கறிவேப்பிலை விற்கிற விலைக்கு அது சின்ன விஷயம் இல்லை. அதைக் கொசுறு என்பாராம் கடைக்காரர். எங்கள் வீட்டில் அந்தச் சொல் கிடையாது, அவரிடமிருந்துதான் பொறுக்கிக்கொண்டோம். "கொசுறு வந்திட்டுது" என்று சொல்லிக்கொண்டு என் கணவர் மூட்டையை இறக்குவார்.

ஊரில் எல்லாச் சாமானும் துள்ளிக் குதித்த காலம் அது. வெண்ணெய் விலையைப் பார்த்து ஆட்கள் கடைக்குள் நின்று வாய்விட்டுத் திட்டினார்கள். நானும் ஒவ்வொரு மாதமும் எல்லாவற்றுக்கும் கூட்டிக் கூட்டி எழுதினேன். பொன்னி மட்டும் அசையவில்லை. நல்ல கடைக்காரன், பேராசை இல்லாதவன் என்று எனக்குள் கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொண்டேன். எங்கள் ஆள் என்ற பெருமைதான், வேறென்ன.

அந்தக் கடை என் வழியில் சேர்ந்த பதினான்காவது மாதம், மவுண்ட் ஆல்பர்ட் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது என் மேற்பார்வையாளர் போன் எடுத்தாள். என்னைவிட இருபது வயது இளையவள், நல்ல பிள்ளை, எப்போதும் காலநிலையில்தான் பேச்சைத் தொடங்குவாள். அன்றைக்கும் மழையைப் பற்றி இரண்டு வசனம் சொல்லிவிட்டு, பொன்னிக்கு வந்தாள். கப்பல் கூலி ஏறியிருக்கிறது, மற்றப் பகுதிகளில் அதே அரிசி ஏறியிருக்கிறது, உங்கள் கடையில் மட்டும் பதினான்கு மாதமாக ஒரே விலை. சும்மா உறுதிப்படுத்திக்கொள்ளத்தான் கேட்கிறேன், நீங்கள் ஒவ்வொரு மாதமும் அந்தக் கடைக்குள் போனீர்களா?

ஆங்கிலத்தில் அது மிகவும் மரியாதையான கேள்வி. தமிழில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: வீட்டில் குந்தியிருந்து, போன மாத விலையைப் பார்த்து எழுதினாயா? எனக்கு முன்னால் அந்த வழியில் நடந்தவர் அப்படி எழுதிப் பிடிபட்டுத்தான் வேலையை விட்டார். கழுத்திலிருந்து காதுவரை சூடு ஏறியது. போனேன், ஒவ்வொரு மாதமும், என் இரண்டு காலாலும் என்று சொன்னேன். பக்கத்தில் நின்ற பள்ளிப் பிள்ளைகள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னேன் போலிருக்கிறது. சரி, வருகிற வியாழக்கிழமை அலுவலகத்தில் சந்தித்துக் கதைப்போம் என்றாள். என் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டுவார்களா இல்லையா என்பது அந்தச் சந்திப்பில்தான் இருக்கிறது என்பதை அவள் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை.

வேலை போனால் வீட்டு மோர்ட்கேஜ் இடிக்கும். அதுகூடப் பரவாயில்லை, சமாளிக்கலாம். பொய் எழுதினவள் என்று பெயர் எடுத்துக்கொண்டு வெளியே போவதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர். மன்னார்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள், விலைவாசியைப் பற்றிப் புலம்பிக்கொண்டு நின்றாள். பொன்னி மூட்டை முப்பத்தாறு டொலராம். நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா?

"எந்தக் கடையில வாங்கினீங்கள்?"

அவள் என்னுடைய அதே சான்ட்ரிங்ஹாம் கடையைச் சொன்னாள்.

"இல்லை. அங்க இருபத்தெட்டு. எங்கட வீட்டுக்கும் அங்கதான் எடுக்கிறது. உங்களை ஆரோ நல்லா ஏமாத்திப் போட்டினம்."

"என்னக்கா கதைக்கிறீங்க? நான் என்ன கணக்குத் தெரியாதவளா?"

"கணக்கு வேற, விலை வேற. நான் மாசா மாசம் கேக்கிறனான்."

அவள் தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தாள். கைப்பையைத் திறந்து, செபமாலைக்கும் மாத்திரைப் பெட்டிக்கும் அடியில் தேடி, கசங்கிய ரசீது ஒன்றை எடுத்து என் கண் முன்னால் நீட்டினாள். அதே கடை. அதே மூட்டை. முப்பத்தாறு. போன புதன்கிழமை. நான் அங்கே போய் இருபத்தெட்டு என்று எழுதியதற்கு மறுநாள்.

"இப்ப சொல்லுங்க அக்கா, ஏமாந்தது ஆரு?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் கணவர் வாயில் கடித்த ரோல்ஸோடு என்னைப் பார்த்தார். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன் என்று எழுத ஆசைதான். கேட்கவில்லை. ரசீதை இன்னொரு தரம் வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை காலை பஸ் எடுத்துப் போனேன். அட்டையைக் கழுத்தில் போடவில்லை. நேரே உள்ளே போகாமல், வாசலில் வெண்டிக்காயை முறித்துப் பார்க்கிற சாட்டில் நின்றேன். ஒரு மாணவன் உள்ளே பொன்னி விலை கேட்டான்.

"முப்பத்தாறு ப்ரோ."

அவன் காசைக் கொடுத்து மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைத் தாண்டிப் போனான். அவன் வீதியைக் கடக்கும் முன் நான் உள்ளே போய் நின்றேன்.

"தம்பி, பொன்னி என்ன விலை?"

"வாங்க அக்கா. அதே இருபத்தெட்டுதான்."

அதே வாய். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் கல்லாப் பெட்டிக்கு மேல் இருந்த இனிப்புப் போத்தல் துள்ளும்படி மேசையில் தட்டினேன்.

"இப்ப அந்தப் பொடியனுக்கு முப்பத்தாறு எண்டனீர். எனக்கு ஏன் இருபத்தெட்டு?"

அவர் முகம் வெளுத்துப் போனது. திருடப் போய்ப் பிடிபட்டவர் முழிக்கிற மாதிரி முழித்தார். பிறகு மெதுவாக, "உங்களுக்கு எப்படி அக்கா ஏத்துறது?" என்றார்.

"ஏன், எனக்கென்ன?"

"மாசா மாசம் வர்றீங்க. பருப்பு, மாவு, எண்ணெய்னு ஒவ்வொண்ணா விலை பாக்குறீங்க, எழுதிக்கிறீங்க. அரிசி என்ன விலைன்னு கேக்குறீங்க. ஒண்ணுமே வாங்காமப் போயிடுறீங்க. அப்புறம் எப்பவாச்சும் சனிக்கிழமை சார் வந்து ஒரு மூட்டை எடுப்பாரு. சரி, அக்கா விலையைக் கேட்டுட்டுப் போயி, காசு சேத்து அனுப்புறாங்கன்னு நெனச்சேன். மனசு கேக்கல அக்கா."

பதினான்கு மாதம் நாட்டின் சார்பில் நிமிர்ந்து நடந்து போய் நின்ற என்னைப் பார்த்து, அரிசி வாங்க வழியில்லாத ஒரு பெண் என்று இந்த மனிதர் இரங்கியிருக்கிறார்.

"நான் கவர்மெண்ட் வேலை எண்டு முதல் நாளே சொன்னனே! கடிதம் தந்தனே!"

"தந்தீங்க. கல்லாவுல போட்டேன், படிக்கல. ஏதோ கவர்மெண்ட் உதவித் தொகைக்கு எழுதுறீங்கன்னு நெனச்சேன்."

"கழுத்தில அட்டை போட்டிருந்தனே?"

"பஸ் பாஸ்னு நெனச்சேன் அக்கா."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டும் செய்யாமல், அவரைத் திட்டினேன். எனக்கு இரக்கம் பார்க்க உமக்கு ஆர் அனுமதி தந்தது என்று கேட்டேன். என் வேலையைப் பற்றி, அந்த எண்ணைப் பற்றி, அதை வைத்து ஆட்களுக்குச் சம்பளம் ஏறுவதைப் பற்றி ஒரு பிரசங்கமே வைத்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். திட்டிக்கொண்டிருக்கும்போதே எனக்கு உறைத்தது, பிழை அவர் மேல் இல்லை. விலை எழுதப் போகிறவள் யாரோ ஒருத்தியாகப் போய் நிற்க வேண்டும். நான் அக்காவாகப் போய் நின்றேன். தம்பி என்று கூப்பிட்டது நான்தான். கூப்பிட்டுவிட்டு, அவர் தம்பியாக நடந்துகொண்டதற்குக் கத்துகிறேன்.

"இந்த மாசம் ஏறிடுச்சுன்னு போட்டுடுங்க அக்கா" என்றார் அவர். "யாருக்குத் தெரியப் போகுது?"

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் என் கணவரும் அதையேதான் சொன்னார். "ஒரேயடியா முப்பத்தாறு எண்டு அடிச்சுவிடும். ஏறினதுதானே? பொய் இல்லையே?" பொய்தான். ஒரு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியதை ஒரு நாளில் ஏறியதாகச் சொல்வது பொய்தான். அதுவும், பொய் எழுதினாயா என்று கேட்டவர்களுக்கு முன்னால் போய் முதல்முறையாகப் பொய் எழுதுவதா? முடியாது என்றேன். "வேலை போகும்" என்றார். போகட்டும் என்றேன். அவர் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டு, "அப்ப என்ர சம்பளத்தை இவ்வளவு நாளும் நீர்தான் குறைச்சு வைச்சிருந்தனீர்" என்றார். அவர் பகிடிக்குத்தான் சொன்னார். நான் எழுந்துபோய்க் கையைக் கழுவினேன்.

மறுநாள் காலை மறுபடியும் கடைக்குப் போனேன். உண்மையான விலை எந்த மாதம் என்ன என்று எனக்குத் தெரிய வேண்டும். ரசீதுகள் எல்லாம் மெஷினுக்குள் இருக்கிறது, எடுக்கத் தெரியாது என்றார் அவர். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, பின்னால் போய் இரண்டு காலண்டர்களை எடுத்து வந்தார். தமிழ்நாட்டில் அச்சடித்த மாதக் காலண்டர், மேலே மயிலோடு முருகன், கீழே ராகு காலம், எமகண்டம், நல்ல நேரம். புதுச் சரக்கு இறங்கிய ஒவ்வொரு நாளின் கட்டத்துக்குள்ளும் பேனாவால் 'பொ' என்று போட்டு விலையை எழுதி வைத்திருந்தார். இருபத்தெட்டு, முப்பத்தொன்று, முப்பத்துநான்கு, முப்பத்தாறு. ஒவ்வொரு ஏற்றமும் தேதியோடு இருந்தது. வீட்டிலேயே ஒழுங்கு இல்லாத மனிதர்கள் நிறைந்த உலகத்தில் இது எனக்கு எவ்வளவு சந்தோஷத்தைத் தந்தது என்று சொல்ல முடியாது.

"கவர்மெண்ட்ல காட்டுனா என்னைப் பிடிச்சுருவாங்களா அக்கா?"

"விலை ஏத்தினதுக்கு இஞ்சை ஒருத்தரையும் பிடிக்கிறேல்லை. பிடிபடப் போறது நான்."

வியாழக்கிழமை, அந்தோனியார் பதக்கம் கழுத்தில் தொங்க, கையில் முருகனைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நகரத்துக்கு ரயில் ஏறினேன்.

மேற்பார்வையாளர் இந்த முறை காலநிலையைத் தொடவில்லை. நான் காலண்டர்களை மேசையில் விரித்தேன். நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். ஆங்கிலத்தில் எல்லாம் சரியாக ஓடியது, 'அக்கா' வருகிற இடத்தில் வண்டி நின்றுவிட்டது. மூத்த சகோதரி என்றேன். அவர் உங்கள் தம்பியா என்று கேட்டாள். இல்லை. உறவினரா? இல்லை. முன்பே தெரிந்தவரா? இல்லை. பிறகு ஏன் எட்டு டொலர் குறைத்தார்? நான் தம்பி என்று கூப்பிட்டேன், அதனால்தான் என்றேன். அவள் பேனாவைக் கீழே வைத்தாள். பிறகு, ஒரு சொல்லுக்கா என்றாள். ஓம் என்றேன், தமிழிலேயே.

நான் ஏமாற்றவில்லை என்பதை அவள் ஏற்றுக்கொண்டாள். ஆனால் காலண்டரில் இருப்பதை வைத்துப் பழைய எண்களைத் திருத்த முடியாது என்றாள். வெளியிட்ட எண் வெளியிட்டதுதான், பிறகு மாற்றுவதில்லை, அதுதான் விதி. ஒரு கடையின் ஒரு மூட்டை அரிசி அந்தப் பெரிய எண்ணில் தூசி, கவலைப்படாதீர்கள் என்று ஆறுதலும் சொன்னாள். எனக்கு ஆறுதல் வேண்டியிருக்கவில்லை. தூசியோ துரும்போ, அது என் தூசி. இந்த நாட்டின் கணக்கில் என் பிழை நிரந்தரமாக இருக்கப் போகிறது. அதை அவளிடமே சொன்னேன்.

அதற்குப் பிறகு அவள் சொன்னதுதான் என்னைக் கிளப்பிவிட்டது. இந்தக் கடையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, விலை தெளிவாக ஒட்டியிருக்கிற பெரிய கடை ஒன்றைப் போட்டுவிடலாம், எல்லோருக்கும் சுலபம் என்றாள்.

"அங்கே பொன்னி விற்கிறார்களா?" என்று கேட்டேன்.

அவள் திரையில் பார்த்தாள். வேறு அரிசி ஏதாவது இருக்கும் என்றாள்.

நான் எழுந்துவிட்டேன். உட்கார்ந்துகொண்டு சண்டை பிடிக்க எனக்கு வராது. சான்ட்ரிங்ஹாமில் அந்த மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு போகிறவன் இந்த நாட்டில் வரி கட்டவில்லையா, அவன் வாங்குகிற அரிசி ஏறினால் அது விலையேற்றம் இல்லையா, உங்களுக்கு வாசிக்கச் சுலபமான கடையில் ஏறினால் மட்டும்தான் ஏற்றமா என்று கேட்டேன். பிழை விட்டது நான், கடை இல்லை. என்னை எடுங்கள், கடையை எடுக்காதீர்கள். இதைச் சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது. திரும்ப எடுக்க மனம் வரவில்லை. நின்றபடியே நின்றேன்.

அவள் இரண்டு நாள் எடுத்துக்கொண்டாள். சனிக்கிழமை காலையில் மின்னஞ்சல் வந்தது. கடை இருக்கும், கடைக்காரர் மூட்டைக்கு விலை எழுதி வைக்க வேண்டும். ஒப்பந்தம் நீட்டப்படும். ஆனால் சான்ட்ரிங்ஹாம் இனி எனக்கு இல்லை, என்னை அங்கே யாரும் அக்கா என்று கூப்பிடாத பாட்டனி டவுன்ஸ் பக்கம் அனுப்புகிறார்கள். நாங்கள் இருக்கிற மவுண்ட் ஆல்பர்ட்டிலிருந்து அது நகரத்தின் மறு முனை, ஒரு ரயில், அதற்குப் பிறகு பஸ், மழையென்றால் இன்னும் மோசம். தண்டனை என்று அவர்கள் சொல்லவில்லை. நானும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. ஒரேயொரு நிபந்தனை போட்டேன்: நடந்த பிழையை என் சொந்த வார்த்தைகளில் எழுதித் தருவேன், அது கோப்பில் இருக்க வேண்டும், 'அக்கா' என்ற சொல் உட்பட. சம்மதித்தார்கள். ஒன்றரைப் பக்கம் எழுதினேன்.

பாட்டனி டவுன்ஸில் என்னை யாருக்கும் தெரியாது. விலையை நானே பார்க்கிறேன், ஒட்டியிருக்காவிட்டால் வரிசையில் நின்று எனக்கு முன்னால் நிற்பவருக்குச் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்கிறேன். யாரையும் தம்பி என்பதில்லை.

இரண்டு மாதம் கழித்து வீட்டில் அரிசி முடிந்தது. இந்த முறை நான் போகிறேன் என்று என் கணவரிடம் சொன்னேன்.

கடையில் சனிக்கிழமைக் கூட்டம். மூட்டைகளுக்கு மேல், பிஸ்கட் பெட்டி ஒன்றைக் கிழித்த அட்டையில், தடித்த மார்க்கரால், தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதித் தொங்கவிட்டிருந்தார்: பொன்னி, பத்துக் கிலோ, முப்பத்தெட்டு டொலர். மறுபடியும் ஏறியிருந்தது. அந்த அட்டையை நான் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். எனக்குப் பதிலாக வருகிறவள் ஒரு சீனப் பெண்ணாம், வந்து அட்டையைப் படம் எடுத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவாளாம். அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு முறைப்பாடு இருந்தது.

பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்கா, உங்களுக்கு..." என்று தொடங்கினார்.

"அட்டையில என்ன எழுதியிருக்கு?"

"முப்பத்தெட்டு. ஆனா நீங்க..."

"முப்பத்தெட்டு" என்று சொல்லி நோட்டுகளை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தேன். அவர் அவற்றை எடுத்த விதத்தைப் பார்த்தால் நான் அவருக்கு ஏதோ அநியாயம் செய்ததுபோல இருந்தது. காசைக் கல்லாவுக்குள் போட்டுவிட்டு, பழக்கத்தில் கை பின்னால் போய், ஒரு பிடி கறிவேப்பிலையை எடுத்து மூட்டைமேல் வைத்தார்.

எனக்குப் பின்னால் ஒரு பெண் நின்றாள். அவளும் பொன்னிதான் எடுத்திருந்தாள், சக்கரம் வைத்த பையில்.

"இவவுக்கும் குடுப்பீரோ?" என்று கேட்டேன்.

அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கறிவேப்பிலையை எடுத்து அவர் பக்கம் தள்ளி வைத்துவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டேன். கனமாகத்தான் இருந்தது. பஸ் வரும்வரை அதை நிலத்தில் வைக்கவில்லை.

அன்றைக்குப் பருப்புக்கறி. என் கணவர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, அகப்பையால் சட்டியைக் கிளறிப் பார்த்தார்.

"கருவேப்பிலை எங்க?"

"ஏறிப்போச்சு" என்றேன்.